சமயக் கல்லூரியில் பாலியல் நலம்: நம்புவதும் நடப்பதும்

அமெரிக்காவில் கத்தோலிக்கத் திருச்சபையோடு இணைந்த கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் 200க்கு மேல் இருக்கின்றன. ஜார்ஜ்டவுன், நோட்டர் டேம், பாஸ்டன் கல்லூரி, சிகாகோ லயோலா என்று நம் பிள்ளைகள் விண்ணப்பம் போடும் பெயர்களும் அவற்றில் உண்டு. அங்கே கருத்தடை மாத்திரை கிடைக்குமா, பால்வினை நோய்க்குப் பரிசோதனை உண்டா, போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். திருச்சபை எதைப் போதிக்கிறது, கல்லூரி எதைத் தர மறுக்கிறது, நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மூன்றையும் ஒன்றாகக் கட்டிவைத்துப் பார்ப்பதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

நம்பிக்கை 1: சமயக் கல்லூரி என்றாலே கருத்தடைக்கு இடமில்லை.

உண்மை: எந்தச் சபை என்று பார்க்க வேண்டும். ஆங்கிலிகன் ஆயர்கள் 1930ஆம் ஆண்டு லாம்பெத் மாநாட்டிலேயே, சில வரம்புகளோடு, கருத்தடையை ஏற்றுக்கொண்டார்கள். மெதடிஸ்ட் சபை வழிவந்த டியூக், எமரி பல்கலைக்கழகங்களின் மாணவர் மருத்துவ நிலையங்களில் கருத்தடை வழக்கமான சேவைகளில் ஒன்று. மோர்மன் சபை அந்த முடிவைக் கணவன் மனைவியிடமே விட்டுவிடுகிறது. அதிகாரபூர்வமாக மறுப்பது கத்தோலிக்கத் திருச்சபை. 1968 ஜூலையில் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடல்தான் இன்றுவரை அதற்கு அடிப்படை.

நம்பிக்கை 2: கத்தோலிக்க மாணவர்களே கருத்தடையை விரும்புவதில்லை.

உண்மை: பியூ ஆய்வு மையம் 2016இல் கேட்டபோது, கருத்தடை ஒழுக்கக்கேடு என்று சொன்ன அமெரிக்கக் கத்தோலிக்கர் 8 சதவீதம் பேர்தான். வாரந்தவறாமல் திருப்பலிக்குப் போகிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அது 13 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆக, பீடத்தில் சொல்லப்படுவதும் குடும்பங்களில் நடப்பதும் ஒன்றாக இல்லை. கல்லூரியின் கொள்கையை எழுதுவது நிர்வாகம். அதை வைத்து மாணவர்களின் மனத்தைக் கணிக்க முடியாது.

நம்பிக்கை 3: கத்தோலிக்க வளாகத்தில் கருத்தடை மாத்திரையை எதற்காகவும் தர மாட்டார்கள்.

உண்மை: ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடலின் 15ஆம் பத்தி, நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையால் கருத்தரிப்பு தடைபட்டாலும் அது தவறாகாது என்கிறது. சினைப்பை நீர்க்கட்டி, தாங்க முடியாத மாதவிலக்கு வலி போன்றவற்றுக்கு இதே மாத்திரைதான் மருந்து. ஆகவே பல வளாகங்களில் ‘மருத்துவக் காரணம்’ இருந்தால் எழுதித் தருவார்கள்.

சிக்கல் அந்தக் காரணத்தை மெய்ப்பிப்பதில் வருகிறது. ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரி மாணவி சாண்ட்ரா ஃப்ளூக் 2012 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் சொன்ன சம்பவம் இது: அவருடைய தோழிக்குச் சினைப்பை நீர்க்கட்டி. விதிப்படி அவருக்குக் காப்பீடு உண்டு. ஆனால் கருத்தடைக்காகத்தான் கேட்கிறாரோ என்ற சந்தேகத்தில் காப்பீட்டு நிறுவனம் திரும்பத் திரும்ப மறுத்தது. கைக்காசு போட்டு வாங்கிக் கட்டுப்படியாகாமல் மாத்திரையை நிறுத்தினார். கட்டி பெரிதாகி, கடைசியில் ஒரு சினைப்பையையே அறுவை செய்து எடுக்க வேண்டியதாயிற்று. விதிவிலக்கு எழுத்தில் இருந்தும் அவருக்கு உதவவில்லை.

இதைப் பேசியதற்காக வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாக் ஃப்ளூக்கை இழிவாகத் திட்டினார், பிறகு மன்னிப்பும் கேட்டார். ஃப்ளூக்கின் கருத்தோடு உடன்பட வேண்டியதில்லை என்று சொன்ன அப்போதைய ஜார்ஜ்டவுன் தலைவர் ஜான் டிஜோயா, அவர் பேசும் உரிமைக்காகவும் பேசிய பண்புக்காகவும் வெளிப்படையாகத் துணை நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம்பிக்கை 4: ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது, இனி எல்லாம் இலவசம்.

உண்மை: 2012 ஆகஸ்டிலிருந்து கருத்தடையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் கீழ் விதி வந்தது. மாணவர் காப்பீட்டுக்கும் அது பொருந்தியது. விதி நடைமுறைக்கு வருமுன்பே, 2011இல், வட கரோலினாவின் பெல்மான்ட் ஆபி கல்லூரி வழக்குப் போட்டது. அரசு ஒரு நடுவழி கண்டது: ஆட்சேபம் இருக்கும் கல்லூரி அதை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், காப்பீட்டு நிறுவனமே நேரடியாகச் செலவை ஏற்கும். அந்த ஆட்சேபத்தை எழுதிக் கொடுப்பதே பாவத்துக்குத் துணைபோவது என்று சில கல்லூரிகள் வாதாடின. இல்லினாய் மாநிலத்தில் உள்ள வீட்டன் என்ற சுவிசேஷ சபைக் கல்லூரிக்கு அவசரக் கருத்தடை போன்ற சிலவற்றில் மட்டும்தான் ஆட்சேபம். ஆனாலும் 2015இல் அது மாணவர் காப்பீட்டையே நிறுத்திவிட்டது. கருத்தடையே கேட்காத மாணவருக்கும், காய்ச்சலுக்கு இருந்த காப்பீடு போயிற்று.

டிரம்ப் அரசு 2017இல் விலக்கை விரிவாக்கியது. உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் 7க்கு 2 என்ற கணக்கில் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் விலக்குப் பெறலாம் என்ற நிலையிலும் எல்லாரும் ஒரே வழியில் போகவில்லை. வழக்காடிய நோட்டர் டேம், 2018 பிப்ரவரியில், சாதாரணக் கருத்தடை மருந்துகளுக்குத் தன் காப்பீட்டிலேயே இடம் தருவதாகவும், கருவை அழிப்பவை என்று தான் கருதுபவற்றை மட்டும் விலக்குவதாகவும் அறிவித்தது. கத்தோலிக்கக் கல்லூரி என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறுபாடு இருக்கிறது.

நம்பிக்கை 5: அவசரக் கருத்தடை மாத்திரை கருக்கலைப்பு மாத்திரைதான்.

உண்மை: கடைகளில் பரவலாகக் கிடைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை, கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போட்டுக் கருத்தரிப்பைத் தடுக்கிறது. ஏற்கெனவே உண்டான கருவை அது கலைக்காது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் இதைத் தெளிவாக்கி மருந்தின் விவரக் குறிப்பையே திருத்தியது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு, கரு உண்டானதற்கான அறிகுறி இல்லையென்றால் கருத்தரிப்பைத் தடுக்கும் மருந்து தரலாம் என்று அமெரிக்க ஆயர்கள் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கு வகுத்த நெறிமுறையே சொல்கிறது.

2013 முதல் இந்த மாத்திரையை எந்த வயதினரும் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கலாம். தினசரி மாத்திரைகளில் ‘ஓபில்’ 2023இல் அதே அனுமதி பெற்று, 2024 மார்ச்சில் கடைக்கு வந்தது. வளாகத்தில் இல்லாதது தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்கிறது. காசும், கடைக்குப் போக வண்டியும் உள்ள மாணவிக்கு இது பெரிய இடைஞ்சல் ஆகாது. அவை இல்லாதவருக்குத்தான் கல்லூரியின் மறுப்பு உண்மையான மறுப்பாகிறது.

நம்பிக்கை 6: வளாகத்தில் ஆணுறை கொடுப்பது சட்டப்படி குற்றம்.

உண்மை: ஒரு காலத்தில் குற்றமாகத்தான் இருந்தது. 1967இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேசிய பில் பேர்ட், மணமாகாத ஒரு மாணவியிடம் கருத்தடை மருந்தைக் கொடுத்ததற்காகக் கைதானார். அந்த வழக்கில்தான், 1972இல், மணமாகாதவர்களுக்கும் கருத்தடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

பாஸ்டன் பல்கலைக்கழகம் இருக்கும் அதே காமன்வெல்த் அவென்யூவில் உள்ள பாஸ்டன் கல்லூரி, 2013இல், விடுதி அறைகளிலிருந்து ஆணுறை வழங்கிய மாணவர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுப்போம் என்று கடிதம் அனுப்பியது. இங்கே மீறப்பட்டதாகச் சொல்லப்பட்டது கல்லூரி விதி. நாட்டுச் சட்டத்துக்கு இதில் வேலையில்லை. அரசியலமைப்பின் பேச்சுரிமைப் பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் கல்லூரியை அல்ல. ஜார்ஜ்டவுனிலோ, பல்கலைக்கழகத்தின் அங்கீகாரமே இல்லாத ஒரு மாணவர் குழு பல்லாண்டாக ஆணுறை வழங்கி வருகிறது.

நம்பிக்கை 7: பரிசோதனைக்குப் போனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

உண்மை: பால்வினை நோய்க்கான பரிசோதனையையோ சிகிச்சையையோ எந்தத் திருச்சபைப் போதனையும் தடுக்கவில்லை. 18 வயது நிறைந்தவரின் சிகிச்சை விவரம் இரகசியம். அது கசிவது பெரும்பாலும் வேறு வழியில். அமெரிக்காவில் 26 வயதுவரை பிள்ளைகள் பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விவரத்தாள் வழக்கமாகப் பாலிசிக்காரரான அப்பா, அம்மா பெயருக்கே போகும். அங்கேயே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இது. சென்னையிலிருந்து போய்த் தன் பெயரிலேயே கல்லூரிக் காப்பீடு எடுத்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கல்லூரியின் ஒழுங்கு விதியில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தை மட்டும் வீண்பயம் என்று தள்ளிவிட முடியாது. மோர்மன் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், பாலியல் தாக்குதலைப் புகார் செய்த மாணவிகள் மேலேயே ஒழுக்க விதிப்படி விசாரணை வந்தது 2016இல் பெரிய சர்ச்சையானது. பிறகு, புகார் கொடுப்பவர்மேல் அந்த விதி பாயாது என்று பல்கலைக்கழகம் மாற்றம் செய்தது.

சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும் மூன்றைப் பார்த்துக்கொண்டால் போதும்: காப்பீட்டுச் சுருக்கத்தில் கருத்தடை என்ற பகுதி என்ன சொல்கிறது, மருத்துவ நிலையம் எந்தப் பரிசோதனைகளைச் செய்கிறது, வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் ‘டைட்டில் டென்’ குடும்பநல மருத்துவ நிலையம் அருகில் எங்கே இருக்கிறது. 1970இல் தொடங்கிய அரசுத் திட்டம் அது. அங்கே வருகிறவரிடம் எந்தச் சபை, எந்தக் கல்லூரி என்று கேட்கப்படுவதில்லை.