பழைய கூட்டாளிகளோடு ஒரு பகடைக் கதை

தீபாவளிக்குத் தோட்டத்துக்குத் திரும்பும் கூட்டாளிகள், ஊர்க்கதை தீர்ந்ததும் ஆளுக்கொரு கைப்பேசியைத் தடவத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த முறை கதையாட்டம் ஆடிப் பாருங்கள். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதில் மூத்தது; அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் பாத்திரங்கள்.

மொத்தம் ஐந்து பேர் போதும். கூடினால், தன் முறை வருவதற்குள் ஒருவர் ரொட்டி சானாய் வாங்கக் கிளம்பிவிடுவார்.

முதல் நாள் விதிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். இருபது முகப் பகடையை உருட்டுங்கள்: எளிய காரியத்துக்குக் குறைந்தது 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20 வர வேண்டும். பகடை இல்லையா, கைப்பேசிச் செயலி இருக்கிறது.

கதையை வெளியே தேடாதீர்கள். பழங்கதையில் குனோங் லேடாங் இளவரசி, தன்னை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தானிடம் கேட்ட சீர்வரிசையே போதும்: மலைக்கு ஒரு தங்கப் பாலம், ஏழு தட்டு கொசு இதயம். எப்படிச் சேர்ப்பீர்கள் என்று கேட்டுவிட்டு நடத்துநர் சும்மா இருக்கலாம். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கொசுவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

ஆடும் இடத்துக்கு, வார இறுதி இரவில் மலாக்காவின் ஜோங்கர் தெருப் பக்கம் வேண்டாம். இரவுச் சந்தை நெரிசல். ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஒருவர் வீட்டு வாசலே உத்தமம். கோலாலம்பூர் திரும்புகிறவர்களுக்காக, முடியும் நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டவரைக் காணொளி அழைப்பில் சேர்க்கலாம். அவர் பகடையை அவரே உருட்டட்டும், இல்லாவிட்டால் சண்டைதான்.