பராமரிப்புக் கணக்கில்லாத பழைய கார்

கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவையொட்டிச் சித்திரை மாதத்தில் கூடும் மாட்டுச் சந்தையை நம் அங்கத்தினர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. அங்கே காளை பிடிக்க வருபவர் எவரும் அதற்குப் பிறப்புச் சான்று கேட்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். நிலைப்பல் இரண்டாயின் வயது இரண்டைக் கடந்தது, எட்டும் நிரம்பியிருப்பின் நாலுக்கு மேற்பட்டது என்று கணக்கிடுகிறார். கழுத்தைத் தடவி நுகத்தழும்பை அறிகிறார், நடக்கவிட்டுக் குளம்பு படியும் விதத்தைக் கவனிக்கிறார், சுழியும் பார்க்கிறார். (சுழியில் என்ன இருக்கிறது என்ற வாதத்தை இங்கே நாம் எழுப்பவில்லை.) இவ்வளவும் முடிந்த பின்னரே துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்.

இத்துணை நிதானம் உடைய அதே மனிதர், பழைய கார் ஒன்றை வாங்கப் புறப்பட்டால் வேறு மனிதராகிவிடுகிறார். புதிதாகப் பூசிய வண்ணத்தின் பளபளப்பையும், மீட்டரில் தெரியும் எண்ணையும் கண்டு, அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுகிறார். பழுது பார்த்த சீட்டுகள் எங்கே என்று கேட்டால், "எல்லாம் வீட்டில் எங்கேயோ இருக்குங்க" என்று விற்பவர் சொல்கிறார். அத்துடன் விஷயம் முடிந்துவிடுகிறது.

சென்னிமலைப் போர்வைகளை ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், கொப்பரை ஏலத்திற்குப் போய்வரவும், நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் கோயமுத்தூருக்கு விரையவும் ஒரு கார் இருப்பது இக்காலத்தில் ஆடம்பரம் அன்று. புதிய வண்டி வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. பெரும்பாலோர் சேமிப்பையோ, நகைக் கடனையோ நம்பிப் பழைய வண்டியைத் தேடுகிறார்கள். அந்தத் தொகை தவறான வண்டியில் முடங்கினால், தறிக்கு நூல் எடுக்கவும் தோட்டத்திற்கு உரம் வாங்கவும் கையில் பணம் இராது. ஆதலின் இதுபற்றிச் சிறிது விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். காருக்குரிய தாள்கள் இரு வகைப்படும். வண்டி யாருடையது என்பதைக் காட்டும் பதிவுச் சான்று, கடன் தீர்ந்த சான்று முதலியன ஒரு வகை. ஆயில் மாற்றியது எப்போது, பெல்ட் மாற்றியது எப்போது என்பதைக் காட்டும் பராமரிப்புச் சீட்டுகள் மற்றொரு வகை. பின்னது இல்லாத வண்டியையும் வாங்கலாம். அந்தக் குறையைப் பணமாக மதிப்பிட்டு விலையில் கழிக்க இயலும். முன்னது இல்லையெனில் எந்த விலையிலும் அதைக் கழிக்க இயலாது. பலரும் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி, ஒன்றைக் காட்டினால் மற்றதையும் கண்டதாகத் திருப்தியடைகிறார்கள்.

விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையிலிருந்து ஒரு பொருளாதாரக் கொள்கையே பிறந்திருக்கிறது. அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் பழைய கார்ச் சந்தையையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் பிரித்தறிய முடியாதவர், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு விலையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். நாளடைவில் சந்தையில் கெட்டவையே மிகும் என்பது அவர் கூற்று. நம் நாட்டுக் கிராமங்களில் வட்டிக்கடைக்காரர் ஏன் அதிக வட்டி வாங்க முடிகிறது என்பதையும் அதே கட்டுரையில் அவர் ஆராய்ந்திருக்கிறார்: கடன் கேட்பவரின் நாணயம் அவருக்குத் தெரியும், வெளியாருக்குத் தெரியாது. இத்துறை ஆராய்ச்சிக்காக 2001-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு இதிலிருந்து கிடைப்பது ஒன்றே. கணக்கில்லாத வண்டிக்குக் கணக்குள்ள வண்டியின் விலையைக் கொடுப்பவர், தமக்குத் தெரியாததற்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்.

வண்டியின் உடம்பே சாட்சி

சீட்டுகள் இல்லையெனினும் வண்டியின் உடம்பில் எழுத்துகள் உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கட்டத்துள் இருக்கும். 2321 என்றிருந்தால் அது 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். இப்போது ஓர் உதாரணம். 2017-இல் பதிவான கார். மீட்டர் 28,000 கிலோமீட்டர் காட்டுகிறது. நான்கு டயர்களும் 2021-இல் செய்யப்பட்டவை. முதல் டயர்கள் சாதாரணமாக 40,000 கிலோமீட்டர் அளவுக்கு உழைப்பவை. அப்படியாயின் 28,000-க்குள் அவற்றை ஏன் மாற்றினார்கள்? நியாயமான விடை இருக்கலாம். வண்டி நின்றே கிடந்து ரப்பர் வெடித்திருக்கலாம். ஆனால் கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். இக்காலத்து மீட்டர்களின் எண்ணைக் கருவி கொண்டு குறைப்பது கடினமான காரியம் அன்று. பிரேக் மிதியின் ரப்பரையும், ஸ்டியரிங் சக்கரத்தின் தோலையும், ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்து இருக்கை ஓரத்தையும் எவரும் அவ்வளவு எளிதில் இளமையாக்க முடியாது. மிதி வழவழப்பாகத் தேய்ந்து, மீட்டர் மட்டும் சிறு எண்ணைக் காட்டுமாயின் மிதியையே நம்புக.

கண்ணாடிகளின் மூலையில் செய்தவர் குறி இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே குறி இருக்க, ஒன்றில் மட்டும் வேறாயின் அது மாற்றப்பட்டது. கல் பட்டு உடைந்ததா, வண்டி கவிழ்ந்து உடைந்ததா என விசாரித்தல் வேண்டும். கதவு, பானெட் ஆகியவற்றின் போல்ட்டுகளில் பூச்சு விரிசல் கண்டிருந்தால் அவை ஒருமுறை கழற்றப்பட்டவை. சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்திப் பார்க்கலாம். இரும்புத் தகடாயின் ஒரே சீராகப் பிடிக்கும். டிங்கரிங் செய்து பட்டி தடவிய இடத்தில் பிடி தளரும். பம்பர் முதலியன பிளாஸ்டிக் ஆதலின் அங்கே காந்தச் சோதனை பயன்படாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி தனியே அஞ்சத்தக்கது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. மின்கம்பிகளின் இணைப்புகளில் புகுந்த ஈரம் மாதங்கள் கழித்தே தன் வேலையைக் காட்டும். சீட் பெல்ட்டை முடிவு வரை வெளியே இழுத்துப் பார்த்தல் வேண்டும். சுருளின் உட்பகுதியைக் கழுவுவோர் அரியர், ஆதலின் சேற்றுக்கோடு அங்கே எஞ்சியிருக்கும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும், தரை விரிப்பின் அடிப்புறத்தையும் தொட்டுப் பாருங்கள். உள்ளே நறுமணம் அளவுக்கு மீறி வீசினால் அதன் காரணத்தையும் கேளுங்கள். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியின் அடித்தகடு உப்புக்காற்றால் துருவேறும். நம் பக்கத்து வறண்ட காற்றில் இருந்த வண்டிக்கு அத்துணைத் துரு ஏறுவதில்லை. எண் 33, 39, 42, 78 என நம் சுற்றுவட்டாரத்துப் பதிவாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: அதைப் பழுது பார்த்த பட்டறையை ஈரோட்டிலோ, திருப்பூரிலோ, தாராபுரத்திலோ தேடிக் கண்டுபிடித்துவிடலாம். காகிதம் தொலைந்தாலும் மெக்கானிக்கின் ஞாபகம் தொலைவதில்லை. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் வேலை நடந்திருப்பின், ஒவ்வொரு வருகையிலும் கிலோமீட்டர் குறிக்கப்பட்டிருக்கும். விற்பவரையே உடன் அழைத்துச் சென்று அதைக் கேட்கச் செய்தல் நலம். அவர் வர மறுத்தால் அதுவும் ஒரு தகவலே.

இஞ்சினைக் காலையில், குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். போனவுடன் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் யாரோ ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். வேறொரு நாள் சொல்லாமல் வருவது உத்தமம். நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை சூடேறிய பின்னும் நில்லாது, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் பழுதாயிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போன்ற வெண்பசை காணப்பட்டால் மெக்கானிக்கிடம் காட்டாமல் மேலே பேச வேண்டாம். டீசல் இஞ்சினில் ஆயில் கறுத்திருப்பதைக் குறையாகச் சொல்லி விலை குறைக்க முயல்வோர் உண்டு. டீசலில் புது ஆயிலும் சில நாளில் கறுத்துவிடும். அதனால் ஒன்றும் தெரியவராது.

மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வதை வீண் செலவாகக் கருத வேண்டாம். ஆனால் அவர் நம்மால் அழைக்கப்பட்டவராக இருத்தல் வேண்டும். தரகர் அனுப்பியவராக இருத்தலாகாது. அவரிடம் ஸ்கேனர் இருந்தால் இணைத்துப் பார்க்கச் சொல்லலாம். சில வண்டிகளில் மீட்டரன்றி வேறு பகுதிகளிலும் ஓடிய தூரம் பதிவாகிறது.

தெரியாததைச் செய்யாததாகக் கொள்க

டைமிங் பெல்ட் மாற்றியதற்குச் சீட்டு இல்லை. விற்பவரோ மாற்றியாயிற்று என்கிறார். அவர் மெய்யே சொல்லலாம். எனினும் மாற்றவில்லை என்றே கொண்டு கணக்கிடுதல் வேண்டும். ஏனெனில், பல இஞ்சின்களில் அந்தப் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இஞ்சினே பாழாகும். (சில இஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி உண்டு, எது என்பதை மெக்கானிக் சொல்வார்.)

கணக்கு எப்படிப் போடுவது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறோம். தொகைகள் விளக்கத்திற்காகவே, உங்கள் வண்டிக்குரியதைப் பட்டறையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நன்கு பராமரித்த அதே வகை வண்டி ரூ. 2,40,000 விலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயருக்கு 18,000, பாட்டரிக்கு 5,000, பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் 8,000, ஆயில்களும் பில்டர்களும் 6,000, பிரேக் வேலை 4,000, ஆக 41,000. பேச்சு ரூ. 1,99,000-லிருந்து கீழே தொடங்க வேண்டுமேயன்றி மேலே அன்று. இன்னும் கண்ணுக்குத் தெரியாத கிளட்ச், கியர்ப்பெட்டி ஆகியவற்றுக்காக ஒரு தொகையைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளாமல், உள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுப்பது தகாது. இக்கணக்கை விற்பவரின் எதிரிலேயே தாளில் எழுதிக் காட்டலாம். வசைமொழியால் குறையாத விலை கூட்டல் கழித்தலால் குறைவதைக் காணலாம்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

பதிவுச் சான்றிலுள்ள இஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. அரசாங்கத்தின் பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தால், பதிவான தேதி, இன்ஷூரன்ஸ் முடியும் நாள், கடன் குறிப்பு முதலியன தெரியவரும். கடன் குறிப்பு இருப்பின், கடன் கொடுத்தவர் கையொப்பமிட்ட 35-ஆம் எண் படிவத்தின்றிப் பெயர் மாற்றம் தடைப்படும். "கடன் கட்டியாயிற்று, எச்.பி. நீக்கவில்லை, அவ்வளவுதான்" என்ற சொல்லை ஏற்க வேண்டாம், நீக்கிக்கொண்டு வரட்டும்.

கார்களுக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்தல் வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் ரூ. 600-லிருந்து ரூ. 5,000-க்கு ஏறியது. 13 ஆண்டு ஓடிய வண்டியை வாங்குவோர் இதையும் கணக்கில் சேர்த்தல் அவசியம். வெளிமாநில வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை விதித்து, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்திய பிறகு, அங்கிருந்து பல வண்டிகள் பிற மாநிலங்களுக்கு வந்தன. இவற்றுக்கு அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்று வேண்டும்; இங்கே மறுபதிவும் வரியும் உண்டு. அவற்றைக் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடும் வழக்கம் நம் பக்கத்தில் மிகுதி. இது வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் ஆபத்து. ஒரு வண்டி பல கை மாறியும் பதிவு மட்டும் முதல்வர் பெயரிலேயே இருந்தது; 2009-இல் அது விபத்துக்குள்ளாயிற்று. பதிவில் எவர் பெயர் உள்ளதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலால் தம் பழைய வண்டியை விற்கும் அங்கத்தினரும் 29, 30-ஆம் எண் படிவங்களில் கையொப்பமிட்டுக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், மாற்றம் நடந்ததா என்று பார்த்தல் வேண்டும். விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தரகரிடம் வண்டியை விட்டுச் செல்வோருக்கு ஒரு சொல்: 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாணிபம் செய்வோர் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என விதி வந்துள்ளது. முறைப்படி அறிவித்து ஒப்படைத்த வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அச்சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தல் வேண்டும். தவறினால் நம் வண்டிக்கு நேரும் சேதத்திற்கு ஈடு பெறுவது அரிது. விபத்தின்றி ஓட்டியதற்காக முன்னவர் பெற்ற பிரீமியச் சலுகை அவருடனேயே சென்றுவிடும். அது நமக்கு வந்து சேராது.

வண்டியைக் கைமாற்றும்போது ஒரு தாளில் தேதியை மட்டுமன்றி மணியையும், அப்போது மீட்டரில் உள்ள எண்ணையும் குறித்து, இருவரும் இரு சாட்சிகளும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை பத்து மணிக்கு வேகக் கேமராவில் பதிவான அபராதம் யாருடையது என்ற வழக்கு அதனால் எழாது. புதிய உரிமையாளரின் பராமரிப்புக் கணக்கிற்கு முதல் வரியும் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடுகிறது.