கள்ளக் காசைப் பிடிக்க ஒரு தகடும் ஒரு தராசும்



2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது ரூபாவின் பெறுமதி சரிந்து தங்கத்தின் விலை ஏறியதை நாம் எல்லோரும் கண்டோம். தங்கம் விலை ஏறும் காலத்தில் பெட்டியின் அடியில் கிடந்த பழைய காசுகள் வெளியே வரும். அவற்றோடு கள்ளக் காசுகளும் கலந்து வரும். மஸ்கெலியா போன்ற தோட்டப்புற நகரங்களில் நகைக் கடைக்காரரிடம் மட்டுமல்ல, பலசரக்குக் கடைக்காரரிடமும் புடைவைக் கடைக்காரரிடமும்கூட “இதை எடுத்துக்கொள்ளுங்கள், முதலாளி” என்று ஒரு பவுண் காசையோ வெள்ளி ரூபாவையோ நீட்டுகிறார்கள். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம் என்பதால், நல்லதண்ணிக்குப் போகும் முன்பின் தெரியாத கூட்டமும் நம் கடைவாசலால்தான் கடந்து போகிறது.

கொழும்பு செட்டியார் தெருவில் கதிர் பாய்ச்சித் தங்கத்தின் மாற்றுச் சொல்லும் இயந்திரங்கள் உண்டு. அவற்றின் விலையை நம்மைப் போன்ற சிறு வியாபாரி நினைத்தும் பார்க்க முடியாது. அந்த இயந்திரமும் காசின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். தடிப்பாகப் பூச்சுப் பூசிய போலியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. உரைகல்லும் அப்படித்தான். அத்துடன் அது நல்ல காசில் ஒரு கீறலையும் விட்டுவிடும்.

நான் இரும்புச் சாமான் வியாபாரி. நகைக்கடை வைத்திருக்கும் என் மச்சான், “உங்களிடம் தகடும் அரமும் காந்தமும் இருக்கிறதே, இதற்கு ஒரு வழி செய்யக்கூடாதா?” என்று கேட்டதிலிருந்து இந்த வேலை தொடங்கியது. நாங்கள் செய்த கருவியில் புதிதாக ஒன்றும் கிடையாது. பழையவர்கள் கண்டுபிடித்ததை எங்கள் கடைக்கு ஏற்ற மாதிரி அமைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

முன்னோர் செய்த தராசு

ஒரு பொருளை நீரில் அமிழ்த்தி அதன் உண்மையை அறியும் விதியை ஆர்க்கிமிடிஸின் பெயரால் படித்திருக்கிறோம். அதை வியாபாரிக்கு உதவும் கருவியாக வளர்த்தவர்களில் நம் அறிஞர்களும் இருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி உலோகங்களையும் இரத்தினக் கற்களையும் நீரில் இட்டு, எது எதைவிட எத்தனை மடங்கு கனமானது என்று அளந்து எழுதினார். 1121ஆம் ஆண்டில் மர்வ் நகரில் அல்காஸினி என்பவர் ‘மீஸானுல் ஹிக்மா’ என்ற நூலை எழுதி, சுல்தான் சன்ஜருக்குச் சமர்ப்பித்தார். தூய தங்கத்தையும் கலப்புத் தங்கத்தையும் உருக்காமல், உரசாமல், நீரில் தொங்கவிட்டே பிரித்தறியும் தராசு அதில் விளக்கப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்து வியாபாரிகளிடம் 19ஆம் நூற்றாண்டில் கையடக்கமான பித்தளைத் தராசு ஒன்று இருந்தது. ஒரு முனையில் நிலையான எடை, மறு முனையில் காசு வைக்கும் இடம், அதிலேயே காசு நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு. காசை வைத்தால் தண்டு சாய வேண்டும். பிறகு காசு அந்த வெட்டினூடாக நுழைய வேண்டும். இரண்டும் சரியென்றால் காசு நல்லது.

இதன் சூட்சுமம் எளிது. நாம் 8 கிராமைப் ‘பவுண்’ என்று சொல்வது இங்கிலாந்தின் சவரன் காசிலிருந்து வந்த வழக்கம். அந்தக் காசு 22 கரட், எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீற்றர், விளிம்புத் தடிப்பு 1.52 மில்லிமீற்றர். பித்தளை தங்கத்தின் பாதிக் கனம்கூட இல்லாதது. ஆகவே கள்ளன் பித்தளையில் அதே எடைக்குச் செய்தால் காசு இரண்டு மடங்கு தடித்துவிடும், வெட்டில் நுழையாது. வெட்டில் நுழையுமாறு அதே அளவில் செய்தால் எடை 4 கிராமையும் எட்டாது. எடையைச் சரி செய்தால் அளவில் மாட்டுவான், அளவைச் சரி செய்தால் எடையில் மாட்டுவான்.

நாங்கள் செய்தது

முதலில் தகரத்தில் வெட்டிப் பார்த்தோம். சில நாட்களில் வளைந்துவிட்டது. பிறகு 3 மில்லிமீற்றர் பித்தளைத் தகட்டில், சவரனுக்கு 22.2 மில்லிமீற்றர் நீளமும் 1.6 மில்லிமீற்றர் அகலமும் உள்ள வெட்டு ஒன்றை ஹட்டனில் ஒரு லேத் பட்டறையில் போடுவித்தோம். வெள்ளி ரூபாவுக்கான வெட்டை, நல்லதென்று உறுதியாகத் தெரிந்த ஒரு காசை வைத்து அரத்தால் தேய்த்து எடுத்தோம். தராசுக்கு, 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு. இது இன்று சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கிறது. இவற்றோடு ஒரு சிறு கிண்ணம், மெல்லிய நூல், பலமான காந்தம் ஒன்று. இவ்வளவும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கும்.

சோதிக்கும் முறை இதுதான்:

1. காந்தம். காசை ஒட்டி இழுத்தால் அது தங்கமும் அல்ல, வெள்ளியும் அல்ல. வெள்ளிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. காசைச் சரிவாகப் பிடித்துக் காந்தத்தை அதன் முகத்தில் வழுக்க விட்டால், வெள்ளியில் அது தயங்கித் தயங்கி மெதுவாக இறங்கும். செம்பிலும் அப்படியே இறங்கும் என்பதால் இதோடு நின்றுவிடக்கூடாது.

2. எடையும் வெட்டும். காசை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தகட்டின் வெட்டில் நுழைத்துப் பாருங்கள்.

3. நீர். கிண்ணத்தில் நீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, நீருக்குள் முழுவதும் அமிழும்படி கையால் தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. ஒரு துளி சவர்க்கார நீர் சேர்த்தால் குமிழி ஒட்டாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் காசு இடம்பெயர்த்த நீரின் எடை.

முதலில் எழுதிய எடையை இந்த எண்ணால் வகுங்கள். 22 கரட் சவரனுக்குச் சுமார் 17.6 வரும். பழைய வெள்ளி ரூபாவுக்குச் சுமார் 10.3 வரும். கணக்குப் போட நேரமில்லாதவர்கள் இந்த எண்களைத் தகட்டிலேயே பொறித்துக்கொள்ளலாம். சவரன் நீரில் 0.45 காட்ட வேண்டும். அதே எடையில் 18 கரட் தங்கம் 0.51 அல்லது 0.52 காட்டும். பித்தளையென்றால் 0.94க்குப் போய்விடும்.

வெள்ளி ரூபாவில் ஒரு நுட்பம்

1872இல் இலங்கையில் ரூபாவுக்கு 100 சதம் என்ற கணக்கு வந்தது. அக்காலத்தில் இந்திய வெள்ளி ரூபாவே இங்கும் புழங்கியது. தோட்டத்துக் குடும்பங்களில் இன்றும் கிடைப்பவை பெரும்பாலும் அவைதான். விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் ஆகியோரின் தலை பொறித்த ரூபா 11.66 கிராம் எடை, நூற்றுக்கு 91.7 வெள்ளி. 1940 முதல் 1945 வரை அச்சிட்ட ரூபாவும் அதே 11.66 கிராம்தான். ஆனால் அதில் வெள்ளி பாதியே. 1947ஆம் ஆண்டு ரூபாவும் அதே எடை. அதில் வெள்ளியே கிடையாது, முழுவதும் நிக்கல்.

மூன்றும் எடையில் ஒன்று. நீரில் முதலாவது 1.13 காட்டும், இரண்டாவது 1.22, மூன்றாவது 1.31. நிக்கல் ரூபாவைக் காந்தமும் இழுக்கும். கவனியுங்கள், 1947ஆம் ஆண்டு ரூபா கள்ளக் காசு அல்ல. அது அரசாங்கம் அச்சிட்ட நல்ல நாணயம், வெள்ளி இல்லை என்பது மட்டுமே. கொண்டு வந்தவரைத் திருடனைப் போலப் பார்க்காமல் இந்த விளக்கத்தைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

நல்ல காசைக் கள்ளக் காசு என்பது

இங்கேதான் இந்தக் கருவியின் பெரிய பயன் இருக்கிறது. கள்ளக் காசை வாங்கினால் நமக்கு நட்டம். நல்ல காசைக் கள்ளக் காசு என்று சொல்லிவிட்டால் நட்டம் ஏழைக்கு. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

தோட்டமொன்றிலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க ஆச்சி ஒருவர் 1912ஆம் ஆண்டுச் சவரன் ஒன்றுடன் மச்சானின் கடைக்கு வந்தார். வேறொரு கடையில் நிறுத்துப் பார்த்து, எடை குறைவு, இது கள்ளக் காசு என்று சொல்லி, அடிமாட்டு விலைக்குக் கேட்டிருக்கிறார்கள். “மொதலாளி, இது எங்க தாத்தா குடுத்த காசு. கள்ளக் காசுன்னா எங்க தாத்தா கள்ளனா?” என்று கேட்டார். “இருங்க ஆச்சி, பார்ப்போம்” என்று உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தோம். எடை 7.90 கிராம். எடை குறைவு என்பது உண்மைதான். சவரன் செல்லுபடியாவதற்கு இங்கிலாந்துச் சட்டம் வைத்திருந்த குறைந்தபட்ச எடை 122.5 கிரெயின், அதாவது 7.94 கிராம். அதைவிடவும் இது குறைவு. ஆனால் வெட்டில் நுழைந்தது, நீரில் 0.45 காட்டியது. வகுத்தால் 17.5க்கு மேல் வருகிறது. நூறு வருடம் கழுத்திலும் துணி முடிச்சிலும் உரசித் தேய்ந்த நல்ல காசு அது.

தேய்மானம் எடையைத் தின்னும், விகிதத்தைத் தின்னாது. வெறும் தராசை மட்டும் நம்பியவர் அந்தக் காசைக் கள்ளக் காசு என்றார். நீரோடு சேர்த்துப் பார்த்ததும் உண்மை வெளிவந்தது. 7.90 கிராமுக்கு அன்றைய விலையைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார் மச்சான். ஆச்சி பணத்தை எண்ணவே இல்லை. தகட்டைக் காட்டி, “அந்தக் கடைக்காரருக்கும் இதுல ஒண்ணு செஞ்சு குடுங்க” என்றார்.

அளவை, நிறுவை விடயத்தில் நம் மார்க்கம் எவ்வளவு கண்டிப்பானது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விற்கும்போது மட்டுமல்ல, வாங்கும்போதும் அந்தக் கண்டிப்பு நம்மீது இருக்கிறது.

கருவியின் எல்லை

எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவாக இருந்தபோது, பிளாட்டினத்தில் செய்து தங்க முலாம் பூசிய சவரன்கள் வந்தன. இன்று டங்ஸ்டன் இருக்கிறது. தூய தங்கம் நீரைவிட 19.3 மடங்கு கனம் என்றால் டங்ஸ்டனும் ஏறக்குறைய அதே கனம். 2012இல் நியூயோர்க் நகரில் உள்ளே டங்ஸ்டன் வைத்த 10 அவுன்ஸ் தங்கக் கட்டிகள் பிடிபட்டன. சிறிய காசில் இதைச் செய்வது கடினம், ஆனாலும் நடக்காது என்று இருந்துவிட முடியாது. அதனால்தான் நாணயத்தைச் சுண்டிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் விடக்கூடாது. விரல் நுனியில் வைத்து மெதுவாகத் தட்டி, நல்ல காசின் நாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாதத்தின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகள் இப்போது கைத்தொலைபேசியிலேயே இருக்கின்றன.

காசுமாலையில் கோத்திருந்த காசில் வளையம் ஒட்டிய பொடி மிச்சம் இருக்கும். அது வெட்டிலும் நுழையாது, நாதமும் செத்திருக்கும். அதற்காக அது போலியாகிவிடாது. இப்படிப்பட்ட காசை நாமே தீர்ப்புச் சொல்லாமல், கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக்கு அனுப்புவதே முறை.

இன்னொன்று. இக்கருவி உலோகத்தைத்தான் சொல்லும், அச்சிட்டவர் யார் என்று சொல்லாது. 1950களின் தொடக்கத்தில் இத்தாலியின் மிலான் நகரில், சரியான தங்கத்திலேயே கள்ளச் சவரன் அடித்தார்கள். தங்கத்துக்கு வாங்குபவருக்கு அதனால் நட்டமில்லை. பழம்பொருள் என்று கூடுதல் விலை கொடுப்பவர்தான் ஏமாறுவார். பிரித்தானிய நாணயச்சாலை 1957இல் மீண்டும் வழமையாகச் சவரன் அச்சிடத் தொடங்கியதற்கு இத்தகைய போலிகளும் ஒரு காரணம்.

புதையல் கதையோடு வருபவர்களிடம் எந்தக் கருவியும் தேவையில்லை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிக் கிடப்பதால், “தண்ணீர் வற்றியபோது அங்கே கிடைத்தது” என்று கதை சொல்வது எளிது. காசு போலியென்றால் உங்கள் பணம் போகும். உண்மையிலேயே நிலத்தில் கிடைத்த பழங்காலக் காசு என்றால், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அது அரசாங்கத்துக்குரியது. அப்போதும் உங்கள் பணம் போகும், கூடவே பொலிசும் வரும்.

செய்ய வேண்டியவை

ஒவ்வொருவரும் தனித்தனியே செய்யத் தேவையில்லை. ஒரு நகரத்து வர்த்தக சங்கம் ஒரு தகட்டையும் ஒரு தராசையும் பொதுவாக வைத்துக்கொண்டால் போதும். உறுதியான நல்ல காசு ஒன்றை அதோடு வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் அதை முதலில் நிறுத்துப் பார்த்த பிறகே வந்த காசை நிறுங்கள். வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். விற்பவரின் அடையாள அட்டை இலக்கத்தைப் பதிந்துகொள்ளுங்கள். சோதனையைக் காசு கொண்டுவந்தவரின் கண் முன்னே செய்யுங்கள், எண்களை அவருக்கும் காட்டுங்கள். போலி என்று தெரிந்த காசு எப்படியோ கைக்கு வந்துவிட்டால், அதை இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். அந்த நட்டம் உங்களோடு முடியட்டும்.

தகட்டின் அளவுகளை மேலே தந்திருக்கிறேன். அரம் பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு நாளில் செய்துவிடலாம். இன்ஷா அல்லாஹ், உங்கள் ஊரிலும் ஒன்று செய்து வையுங்கள்.