பழைய காருக்கு இன்ஜின் வேலை: இளம் மெக்கானிக்குக் கடிதம்

பட்டறையில் தனியாக முடிவெடுக்கத் தொடங்கியிருக்கும் இளம் மெக்கானிக்குக்கு,

பழைய காருக்கு இன்ஜின் வேலை பார்ப்பது பயன் தருமா என்று முடிவு செய்ய, முதலில் பார்க்க வேண்டியது காரின் அடிப்பகுதி. தேய்ந்த இன்ஜினை லேத் பட்டறையும் உதிரிபாகக் கடையும் சேர்ந்து மீட்டுவிடும். துரு தின்ற பாடிக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஓர் இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தால், அடுத்த மழைக்காலத்தில் பக்கத்து இடம் பொத்துக்கொள்ளும். முன் சஸ்பென்ஷன் ஏறி நிற்கும் பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரி தட்டின் அடி, மிதியடிக்குக் கீழுள்ள தளம் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மொத்தையாக ஒலிக்கும். கடலோர ஊர்களில் ஓடிய காரில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. சஸ்பென்ஷன் தாங்கும் இடம் அரித்திருந்தால் இன்ஜினைத் தொடாமல் நிறுத்திக்கொள்வதே வாடிக்கையாளருக்குச் செய்யும் நன்மை.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டில் முடிகிறது. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான மத்தியக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரியும் இன்சூரன்ஸும் தனி. அடுத்த புதுப்பிப்புக்குச் சில மாதங்களே இருக்கும் காருக்கு, இந்தத் தொகையைச் சொல்லாமல் இன்ஜின் செலவை மட்டும் சொல்வது அரைக் கணக்கு.

இந்த இரண்டும் தேறிய பிறகுதான் இன்ஜின். புகையை மட்டும் பார்த்து ‘ரிங் போச்சு’ என்று சொல்லிவிடும் பழக்கம் பட்டறைகளில் ஊறிப்போனது. புகை துப்புக் கொடுக்கும், தீர்ப்புச் சொல்லாது. இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை விட்டுச் சற்று நேரத்தில் தெளிந்தால், பெரும்பாலும் வால்வ் சீல்தான்; அதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. மேடேறும்போது, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க நீலம் கூடினால் ரிங்கையும் போரையும் சந்தேகிக்கலாம். கரும்புகை எரிபொருள் கூடுதலாகப் போவதன் அடையாளம். இன்ஜின் நன்றாகச் சூடான பின்னும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். ஆயில் மூடிக்கு அடியில் பால் போன்ற படிவு இருந்தாலும் அப்படியே. ஆனால் ஊட்டி, கொடைக்கானல் குளிரில் குறைந்த தூரம் மட்டுமே ஓடும் காரில் வெறும் ஈரம் படிந்தும் அப்படித் தெரியும். ஆயில் விளக்கு எரிந்தால் சுவிட்சே பழுதாகியிருக்கலாம். கேஜ் மாட்டி அழுத்தத்தை அளந்த பிறகே பெயரிங்கைப் பற்றிப் பேச வேண்டும்.

உண்மையைச் சொல்லும் சோதனை கம்ப்ரெஷன். இன்ஜினைச் சூடேற்றி, எல்லா பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் அளவு பொய்க்கும். மூன்று சிலிண்டர் மாருதி 800-இல் 12, 12, 7 கிலோ என்று வருவதாக வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். 7 என்பது 10-க்கு மேல் ஏறினால் ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது என்று பொருள். தேய்மானம் ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவே கேஸ்கட் எரிந்திருக்க வாய்ப்பு மிகுதி.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் அந்தச் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரெஷன் மேல்நிலையில் நிறுத்தி, கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பிளக் துளை வழியாக கம்ப்ரஸர் காற்றை விடலாம். சீறல் ஆயில் மூடியில் கேட்டால் ரிங், சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வ். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பு. ஒரு நட்டைக்கூட இன்ஜினிலிருந்து கழற்றாமல் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. வாடிக்கையாளரைப் பக்கத்தில் நிறுத்தி அந்தச் சீறலைக் கேட்கச் செய்வது நல்லது. செலவு எதற்கு என்பது அவருக்கே விளங்கும்.

வேலை ஹெட்டோடு முடிந்தால், பாடி நன்றாக உள்ள எந்தக் காருக்கும் தயங்காமல் செய்யலாம். சூடேறிய அலுமினிய ஹெட்டைத் தளம் பார்த்துச் சீவாமல் புது கேஸ்கட் போடுவது மட்டும் வீண். சூடேறியதற்கான காரணத்தையும் தீர்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வல்ல. அது இல்லாத இன்ஜின் உரிய வெப்பத்துக்கு வரத் தாமதிக்கும், பெட்ரோல் குடிக்கும், போர் சீக்கிரம் தேயும்.

முழு இன்ஜின் வேலை என்றால் கணக்கு மாறுகிறது. மாருதி 800-இன் போர் 68.5 மில்லிமீட்டர். தேய்மானம் மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம். அங்கே நகத்தால் வருடினால் ஒரு விளிம்பு தட்டுப்படும். மேலே, நடுவே, கீழே என்று குறுக்கும் நெடுக்குமாக அளந்து, 0.25 ஓவர்சைஸ் போதுமா, 0.50 வேண்டுமா என்று பார்க்க வேண்டும். முன்பே கடைசி ஓவர்சைஸ் வரை போன பிளாக்கானால் ஸ்லீவ் போட வேண்டியிருக்கும். செலவு ஒரு படி ஏறும். 2014 ஜனவரியில் இந்தக் காரின் தயாரிப்பு நின்றாலும், இதே 796 சி.சி. இன்ஜினோடு ஆம்னி 2019 வரை வந்தது. அதனால் உதிரிபாகம் பெரிய தடையல்ல. நிறுத்தப்பட்ட வேறு பல மாடல்களுக்கு விலை சொல்வதற்கு முன்பே, பாகம் கையில் கிடைக்குமா என்று உறுதி செய்ய வேண்டும். பழைய இன்ஜினை வாங்கி மாற்றுவது மலிவாகத் தோன்றும். ஆனால் இன்ஜின் எண் மாறுவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி தேவை. ரசீது இல்லாத இன்ஜினை எந்த விலைக்கும் ஏற்கக் கூடாது.

செலவைக் காரின் விற்பனை விலையோடு மட்டும் ஒப்பிடுவது வழக்கம். பல சமயம் அது தவறான ஒப்பீடு. அதே பணத்தைக் கூட்டிப் போட்டு வாங்கக்கூடிய இன்னொரு பழைய கார் எப்படியிருக்கும் என்பதே வாடிக்கையாளர் முன் உள்ள கேள்வி. கையில் இருக்கும் காரின் குறைகள் அளந்து தெரிந்தவை; வாங்கப்போகும் காரின் குறைகள் கெட்டியான ஆயிலுக்குள் ஒளிந்திருக்கலாம். கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக், டயர் எல்லாம் நல்ல நிலையில் இருந்தால் இன்ஜின் செலவு நியாயமானது. அவையும் வரிசையில் நின்றால் மொத்தத்தையும் ஒரே தாளில் எழுதி, எதிர்பாராத வேலைக்குக் கால் பங்கு சேர்த்து, பிறகு பேச வேண்டும். கழிப்பதே சரி என்று முடிவானால், காயலான் கடைக்குத் தள்ளிவிடும் முன் ஆர்.சி.யை ரத்து செய்யும்படி உரிமையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

வேலை எடுத்துக்கொண்டால், கம்ப்ரெஷன் அளவும் போர் அளவும் பில்லிலேயே எழுதப்பட வேண்டும். புது ரிங் போருக்குப் பதியும்வரை, முதல் 1,000 கிலோமீட்டருக்கு, வேகமும் சுமையும் மட்டாக இருக்க வேண்டும். ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓட்டக் கூடாது. அதன் பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அதே கம்ப்ரெஷன் கேஜை மாட்டி மறுபடி அளந்து, புது எண்களைப் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.