கத்திரிக்கு முன்னால் கூலண்ட் மட்டத்தைப் பாருங்கள்

மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்துவிடும். அதற்குள் லாரிக்காரர்கள் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். விடியற்காலையில், இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, கூலண்ட் டேங்கில் மட்டம் நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு, வண்டியை அதே இடத்தில் நிறுத்தி, ஆறிய இன்ஜினில் மறுபடி பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் ‘வெயிலுக்கு வற்றியிருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள். மூடி சரியாக இருக்கும் டேங்கில் கூலண்ட் அப்படி வற்றாது. எங்கோ ஒழுகுகிறது, இல்லையென்றால் எரிகிறது, இல்லையென்றால் ஆயிலில் கலக்கிறது.

நம் திருப்பூர்ப் பக்கத்தில் இந்தக் குறையை மறைத்து வைப்பது போர் தண்ணீர்தான். பல்லடத்தில் நின்றாலும் காங்கயத்தில் நின்றாலும் ஒரு குடம் பிடித்து ஊற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். சாயக்கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது. உப்பேறிய இந்தப் போர் தண்ணீர் சாயம் போடவே ஆகாது என்றுதான் சாயப்பட்டறைகள் லாரித் தண்ணீர் வாங்கின. அந்தப் போர் தண்ணீரை இன்ஜினுக்குள் ஊற்றலாமா? வெந்நீர் அண்டாவின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் பொருக்கு அப்படியே லைனரின் வெளிச்சுவரிலும் ரேடியேட்டர் குழாயிலும் பிடிக்கும். கூலண்டில் உள்ள துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப்போகும். பிறகு லைனரில் குண்டூசி முனையளவு ஓட்டை விழுந்து தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கும். குறைந்ததை, வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகைக் கூலண்டாலேயே நிரப்புங்கள். கெட்டிக் கூலண்ட் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். நடுவழியில் வேறு கதியில்லாமல் போர் தண்ணீர் ஊற்றினால், ஊர் திரும்பியதும் முழுக்க வடித்துக் கழுவி, புதிதாக நிரப்பிவிடுங்கள்.

ஒழுகும் இடத்தைத் தேட, வண்டியைக் கிளப்பும் முன் டார்ச்சோடு குனியுங்கள். ரப்பர் ஹோஸ் குளிரில் சுருங்கும்போதுதான் கிளிப் ஓரத்தில் கசிவு தெரியும். இன்ஜின் சூடேறினால் கசிவு நின்றுவிடும். வாட்டர் பம்ப்பின் அடியில் சிறு துளை இருக்கும். அங்கே காய்ந்த பச்சையோ சிவப்போ பொருக்காக நின்றால் பம்ப் சீல் போய்விட்டது. எதற்கும் முன்னால் டேங்க் மூடியைச் சோதியுங்கள். 1 பார் அழுத்தம் இருந்தால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த அழுத்தம் நிற்காமல் கூலண்ட் கொதித்து வழிந்துவிடும்.

வெளியே ஈரமே இல்லாமல் மட்டம் இறங்கினால் உள்ளே பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஆயில் வடிக்கும் நட்டை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கியிருக்கும்; ஆயிலுக்கு முன் அதுதான் சொட்டும். ஆயில் சுத்தம், ஆனால் இன்ஜின் சூடேறிய பிறகும் புகை வெள்ளையாகவே வருகிறது என்றால், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இ.ஜி.ஆர். கூலரையும் சந்தேகப்படுங்கள்.

டேங்கில் குமிழி வந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். போன சித்திரையில் பஞ்சு லோடு ஏற்றும் லாரி ஒன்றில் இப்படித்தான் குமிழி வந்தது. ஒரு பட்டறையில் ஹெட் கேஸ்கட் என்று சொல்லி ஹெட்டை இறக்கி, புது கேஸ்கட் போட்டு மாட்டினார்கள். ஸ்டார்ட் செய்தபோது நான் பக்கத்தில் நின்றேன், அதே குமிழி. கடைசியில் ஏர் கம்ப்ரசரின் ஹெட் கேஸ்கட்தான் போயிருந்தது. கம்ப்ரசர் ஹெட்டும் கூலண்டில்தான் குளிர்கிறது என்பதை அவசரத்தில் மறந்துவிடுகிறோம். லாரி உரிமையாளருக்கு இரண்டு வாரம் லோடு போயிற்று. ஆகவே முதலில் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கம்ப்ரசரிலிருந்து போகும் காற்றுக் குழாயைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி நின்றால் குற்றம் கம்ப்ரசரில். குழாய் கழன்றிருக்கும்போது பிரேக்குக்குக் காற்று ஏறாது, வண்டியை நகர்த்தவே கூடாது.

மில்லுக்கும் ஜின்னிங்குக்கும் போகிற வண்டிகளுக்கு இன்னொன்று. இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பஞ்சும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. மேல்தகட்டைக் கழற்றி, ஃபேன் பக்கத்திலிருந்து மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாஷ் பிடித்தால் ரேடியேட்டர் ஃபின்கள் மடங்கிவிடும்.

தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் தூத்துக்குடிக்கோ, தொப்பூர் மேடு ஏறிப் பெங்களூருக்கோ போகும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால், ஓரங்கட்டி நிறுத்துங்கள். கூலண்ட் இருந்தால் சில நிமிடம் ஐடிலில் விடுங்கள். கொட்டிப் போயிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட் வெடிக்கும். ஏறியிருந்த முள் திடீரென்று இறங்கினால் சூடு தணிந்துவிட்டது என்று ஓட்டத்தைத் தொடராதீர்கள். சென்சாருக்குக் கீழே கூலண்ட் போய்விட்டால் முள் அப்படித்தான் காட்டும்.