மாலியேமேன் யார்?



இந்த மாதப் பாடத்தை ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குவோம். கீழே ஐந்து சொற்கள் இருக்கின்றன. இவை எந்த மொழிச் சொற்கள் என்று சொல்ல முடியுமா?

மாலியேமேன், மால்தெவிலேன், வெப்பெலெ, மத்தலோன், வத்தியாலு.

வாய்விட்டு ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாருங்க. பிடிபட்டுவிடும். மாரியம்மன், மதுரைவீரன், வேப்பிலை, மத்தளம், வாத்தியார். எல்லாமே தமிழ்தான். ஆனால் இவற்றைத் தினமும் சொல்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். வாழ்வது கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் என்ற தீவில்.

கடந்த ஆண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் பிரான்சில் எஞ்சினியரிங் படித்தேன். விடுமுறையில் கூடப் படித்தவர்கள் இத்தாலி, ஸ்பெயின் என்று கிளம்ப, நான் பாரிசிலிருந்து குவாதலூப்புக்கு விமானம் ஏறினேன். எட்டு மணி நேரத்துக்கும் மேல் பறந்தும் இறங்கியது பிரான்சில்தான்! 1946 முதல் அந்தத் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம். செலவழிப்பது யூரோ, தபால் பெட்டி மஞ்சள் நிறம், ரொட்டிக் கடையில் காலையில் வரிசை. வெயிலும் மழையும் மட்டும் நம்ம ஊர் மாதிரியே.

நகரம்

அங்கே பெரிய நகரத்தின் பெயர் புவாந்தாபித்ர். துறைமுக நகரம். நடந்தே பார்த்து முடித்துவிடலாம். முதலில் செயின்ட் அந்துவான் சந்தைக்குப் போனேன். இரும்புக் கூரைக்குக் கீழே பட்டை, ஜாதிக்காய், வனில்லா, மிளகாய் எல்லாம் குவித்து வைத்திருக்கிறார்கள். விற்கும் பெண்கள் பலர் தலையில் கட்டம் போட்ட துணி கட்டியிருந்தார்கள். அந்தத் துணியின் பெயர் 'மதராஸ்'. நம்ம சென்னையின் பழைய பெயரேதான். இன்று அது அந்தத் தீவுப் பெண்களின் பாரம்பரிய உடை.

ஒரு பையில் மஞ்சள் நிறத் தூள் இருந்தது. முகர்ந்தால் பாட்டி வீட்டு அடுப்படி வாசம். கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கொலோம்போ'. அதைப் போட்டுச் சமைக்கும் ஆட்டுக்கறிக்கும் அதே பெயர்தான். இலங்கையின் கொழும்பு நகரத்திலிருந்து வந்த பெயர் என்று சிலர் சொல்கிறார்கள். 'குழம்பு' என்ற சொல்தான் அப்படி மாறியது என்று பலர் சொல்கிறார்கள். சாப்பிட்டுப் பார்த்த என் நாக்கு இரண்டாவது கட்சி.

சந்தையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பெரிய தேவாலயம். 1843-இல் வந்த நிலநடுக்கம் இந்த நகரத்தையே தரைமட்டமாக்கியது. அதற்குப் பிறகு தேவாலயத்தை எழுப்பியபோது உள்ளே இரும்புத் தூண்களும் சட்டங்களும் வைத்துக் கட்டினார்கள். எஞ்சினியரிங் மாணவனுக்கு இது பிடித்த விஷயம். விறைத்து நிற்கும் கல் ஆட்டம் வந்தால் உடையும். கொஞ்சம் வளைந்து கொடுப்பது நிற்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கப்பல்

கரும்புத் தோட்டங்களுக்காகவே வளர்ந்த தீவு இது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். 1848-இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. துறைமுகத்தின் ஓரத்தில், முன்பு சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், 2015-இல் திறந்த பெரிய நினைவகம் ஒன்று இருக்கிறது. அந்த வரலாற்றை அங்கே பார்க்கலாம். போகிறவர்கள் அரை நாளாவது ஒதுக்குங்கள்.

அடிமை முறை போனதும் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. ஐந்து வருட ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார்கள். 1854 டிசம்பர் 24-ஆம் தேதி 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தோடு புவாந்தாபித்ர் வந்து சேர்ந்தது. ஏறியது பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி, காரைக்கால் பகுதியில். 1889 வரை ஏறக்குறைய 42,000 பேர் இப்படி வந்தார்கள். பிற்காலத்தில் வட இந்தியர்களும் வந்தார்கள் என்றாலும் தமிழர்களே அதிகம். பலர் நோயிலும் கடும் வேலையிலும் செத்துப்போனார்கள். ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. கரும்புக்குப் பதில் ரப்பர், முதலாளி பிரெஞ்சுக்காரருக்குப் பதில் வெள்ளைக்காரர். கப்பல் ஏறிய கரை அதே சோழமண்டலக் கரைதான். என் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். காரைக்கால் அங்கிருந்து இருபது கிலோமீட்டர்கூட இருக்காது.

கோயில்

பஸ் பிடித்து காப்பெஸ்தெர் என்ற ஊருக்குப் போனேன். (ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க, பஸ் கிடைப்பது அரிது.) சுற்றிலும் வாழைத் தோட்டம். சாலை ஓரத்தில் ஷாங்கி என்ற இடத்தில் கோயில். வெளியே வண்ண வண்ணச் சிலைகள். உள்ளே மாலியேமேன்.

அன்று பூசைக்கு வந்திருந்தவர்களின் முகம் நம் வீட்டுக் கல்யாணத்தில் பார்க்கிற முகம். பெயர்கள் பிரெஞ்சுப் பெயர்கள், குடும்பப் பெயர் மட்டும் ராமசாமி, வீரப்பன், முத்துசாமி என்பவற்றின் சாயலில். பலருக்கு ஞானஸ்நானமும் உண்டு. ஞாயிறு தேவாலயத்துக்குப் போவார்கள், நேர்த்திக்கடனுக்கு அம்மனிடம் வருவார்கள். நாகூர் ஆண்டவருக்கும் 'நாகுமிலா' என்ற பெயரில் கொடி ஏற்றி வணங்குகிறார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம் முன்னோர்கள் நாகூர் தர்கா கட்டியதை நினைத்துப் பாருங்கள். கடல் கடந்தவர்கள் எல்லாருக்கும் அவர் துணை.

ஆடு வெட்டிப் படையல் போடுவதும் அங்கே உண்டு. நம் நாட்டிலேயே இதைப் பற்றி வாக்குவாதம் இருப்பதால் உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தீர்ப்புச் சொல்வதற்கு முன், ஆகமம் தெரிந்த குருக்களோ புத்தகமோ இல்லாமல், தோட்டத்துக் கூலிகள் தங்கள் கிராமத்தில் பார்த்ததை மட்டும் வைத்துக் காப்பாற்றிய வழிபாடு அது என்பதை நினைவில் வையுங்கள். வாழையிலை, வேப்பிலை, கற்பூரம், மத்தளம், தப்பு. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது.

பூசைக்குப் பிறகு என் வயதுப் பையன் ஒருவன் வந்து பேசினான். அவனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம், எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு. கையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம். அம்மன் பாட்டுகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள், காதில் விழுந்தபடி. ஒரு சொல்லின் மேல் விரல் வைத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். சின்ன வயசிலிருந்து பாடுகிறானாம். யாருக்கும் அர்த்தம் தெரியவில்லையாம்.

எழுத்து எழுத்தாக வாசித்துப் பார்த்தேன். 'அடைக்கலம்.'

போக இடம் இல்லாதவன் "என்னைக் காப்பாற்று" என்று வந்து நிற்பது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் பாட்டியைக் கூப்பிட்டு கிரியோலில் சொன்னான். அந்த அம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அம்மன் பக்கம் திரும்பினார்.

பாடம்

அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கு எப்படித் தெரியும்? நான் பண்டிதன் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவன், அவ்வளவுதான்.

இங்கே ஒரு வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1923.

காப்பெஸ்தெர் ஊரில் 1863-இல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். கப்பலில் வந்தவர்களின் மகன். இந்தியர்களின் பிள்ளைகளும் பிரெஞ்சுக் குடிமக்கள்தான், அவர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று 1904-இல் வழக்காட ஆரம்பித்தார். ஏறக்குறைய இருபது வருடம் விடவில்லை. 1923-இல் வென்றார். பிற்பாடு அதே சமூகத்திலிருந்து எர்னெஸ்ட் முத்துசாமி பிரான்சின் நாடாளுமன்றத்துக்கே போனார்.

அதே 1923-இல் மலாயாவின் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. அன்பினால் இல்லை. பள்ளி இருந்தால் தொழிலாளர் குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது. பல இடங்களில் அது ஒரு கொட்டகையும் ஒரே ஒரு ஆசிரியரும்தான்.

அவர்களுக்கு வாக்கு கிடைத்தது, பள்ளி பிரெஞ்சில் மட்டும். நமக்கு அப்போது வாக்கு இல்லை, ஆனால் தாய்மொழியில் பள்ளி கிடைத்தது. நூறு வருடம் கழித்து விளைவு கண் முன்னால். அவர்களிடம் வழிபாடு இருக்கிறது, சொல் இருக்கிறது, அர்த்தம் நழுவிவிட்டது. அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படத் தேவையில்லை. அந்த இரும்புத் தூண் மாதிரி, மாரியம்மன் மாலியேமேனாக வளைந்தாளே தவிர உடையவில்லை. பள்ளி இல்லாமல் அவர்கள் இவ்வளவு காப்பாற்றினார்கள் என்றால் அது பெரிய சாதனை.

கேள்வி நம்மைப் பற்றியது. மலேசியாவில் இன்று 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. திரையில் தேவாரம் ஒளிபரப்புகிற கோயில்கள் இருக்கின்றன. ஆனாலும் நம்மில் எத்தனை பேர் பாட்டை ரோமன் எழுத்தில் வைத்துக்கொண்டு பாடுகிறோம்? பால்குடம் எடுக்கும்போது வாயில் வரும் சொற்களில் எத்தனைக்கு அர்த்தம் தெரியும்? கை செய்வது எளிதில் மறக்காது. அர்த்தம் அப்படியில்லை, ஒரு தலைமுறை கேட்காமல் விட்டால் போதும், போய்விடும். அந்தப் பையன் ஐந்து தலைமுறை கழித்தும் கேட்டான். கேட்க ஆள் இருக்கும்போதே நாமும் கேட்டுவிட வேண்டும்.

வகுப்பில் செய்ய

1. உங்கள் வீட்டில் அல்லது கோயிலில் வழக்கமாகப் பாடும் ஒரு பாட்டை எடுங்கள். அர்த்தம் தெரியாத மூன்று சொற்களைக் குறியுங்கள். முதலில் பாட்டி, தாத்தாவிடம் கேளுங்கள். அப்புறம் அகராதி.

2. உங்கள் குடும்பத்தில் முதலில் கப்பல் ஏறியவர் யார்? எந்த ஊர், எந்தத் துறைமுகம்? தெரிந்ததை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

3. கலந்துரையாடல்: வாக்குரிமை, தாய்மொழிப் பள்ளி, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் 1923-இல் நீங்கள் எதைக் கேட்டிருப்பீர்கள்? இரண்டு குழுவாகப் பிரிந்து பேசுங்கள். சரியான பதில் இதுதான் என்று யாரும் முடித்துவிட வேண்டாம்.