தீவுகளைக் காணச் செல்லும் மருமகனுக்கு

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமன் ஆசீர்வதித்து எழுதுவது.

ஜெர்மனியில் உன் படிப்பு குறைவின்றி நடந்து வருவதையும், வருகிற கோடை விடுமுறையில் நண்பர் இருவருடன் ஐரோப்பாவின் தீவுகளைச் சுற்றிவர உத்தேசித்திருப்பதையும் உன் கடிதத்தால் அறிந்து மகிழ்ந்தேன். மலையும் கடலும் ஒருங்கே காணக் கிடைக்கும் இடங்களை நாடுகின்ற மனம் இளமையிலேயே வாய்ப்பது பெரும் பாக்கியம். கப்பல் உத்தியோகத்தில் அந்தக் கடல்களில் சஞ்சரித்தவன் என்ற காரணத்தால் என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். பதினைந்து நாட்களில் ஆறு தீவுகள் என்று நீ வகுத்திருக்கும் திட்டத்தைப் படித்தபின், இரண்டு வரியில் பதில் எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு தீவுகளை இரண்டாகக் குறைத்துக்கொள். தீவு என்பது கடலும் காற்றும் மேகமும் இசைந்தால் மட்டுமே தன் முகத்தைக் காட்டுகிற இடம். அலை மிகுந்தால் படகு புறப்படாது, மேகம் கவிந்தால் சிகரம் தெரியாது, காற்று வலுத்தால் விமானம்கூட இறங்காமல் திரும்பிவிடும். இவற்றுக்கெல்லாம் இடம் கொடாமல், நாளுக்கு ஓர் ஊர் என்று கணக்கிட்டு ஓடுகிறவன், துறைமுகங்களையும் விடுதிகளையும் பார்த்துத் திரும்புவானே தவிரத் தீவைப் பார்த்தவனாக மாட்டான். இதற்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. ஒரு தீவின் சௌந்தரியம், அது உண்டான விதத்தை அறிந்து, அதன் நியதிக்கு அடங்கி, அதன்மீது நிதானமாக நடப்பவனுக்கே பூரணமாகக் கிட்டுகிறது. இதை வெறும் உபதேசமாக நீ எடுத்துக்கொள்ளாதபடி, நான் நேசிக்கும் சில தீவுகளைக் கொண்டே விளக்குகிறேன்.

என் மனத்தில் முதல் ஸ்தானம் வகிப்பது மடெய்ரா. பூகோளப்படி அது ஆப்பிரிக்கக் கரைக்கே அதிகச் சமீபத்தில், அட்லாண்டிக் மாக்கடலின் நடுவே கிடக்கிறதாயினும், 15-ஆம் நூற்றாண்டு முதல் போர்த்துக்கீசியர் குடியேறி வாழும் பூமியாதலால் ஐரோப்பியத் தீவுகளின் வரிசையிலேயே எண்ணப்படுகிறது. கடலின் அடியிலிருந்து எரிமலைகள் எழுப்பிய நிலம் அது. அதன் உச்சிச் சிகரமான பீக்கோ ருய்வோ 1862 மீட்டர் உயரமுள்ளது. வடகிழக்கிலிருந்து வருகின்ற ஈரக்காற்று அந்த மலைத்தொடரில் மோதி, மழையையும் மூடுபனியையும் வடபுறத்திலேயே சொரிந்துவிடுவதால், ஒரே தீவின் வடபாதி எப்பொழுதும் பசுமையாகவும் தென்பாதி வெயிலும் வறட்சியுமாகவும் இருக்கின்றன. வடசரிவுகளில் லாரல் இன மரங்கள் அடர்ந்த ஒரு காடு உண்டு. பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் தென் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்து, பனியுகங்களின் குளிரில் அங்கெல்லாம் மறைந்துபோன ஆதி வனத்தின் மிச்சம் அது என்பதை அறிந்தே 1999-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. பாசி படர்ந்த அந்த மரங்கள் கடந்து செல்லும் பனிமேகத்தை இலைகளாலேயே வடிகட்டித் துளித்துளியாகப் பூமிக்குள் இறக்குகின்றன. தீவின் ஊற்றுகள் வற்றாதிருப்பதில் அந்தக் காட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

கரும்பும் திராட்சையும் விளைந்தது தென்புறத்தில். நீர் இருந்தது வடபுறத்திலும் மலை உச்சியிலும். இவ்விரண்டையும் இணைக்கும் பொருட்டு, செங்குத்தான பாறைச்சுவர்களைச் செதுக்கியும் மலையின் வயிற்றைக் குடைந்தும், அடிமைகளும் ஏழைக் கூலிகளுமாக எத்தனையோ தலைமுறையினர், சிற்சில இடங்களில் கயிற்றில் தொங்கியபடியே, வெட்டி உண்டாக்கிய வாய்க்கால்களை அங்கே லெவாடா என்கிறார்கள். அவற்றின் மொத்த நீளம் 2000 கிலோமீட்டருக்கு மேல். வாய்க்காலைக் காத்துப் பேணுவோர் நடப்பதற்காகக் கரையோரம் விட்டுவைத்த ஒற்றையடிப் பாதைகளே இன்று பிரயாணிகளுக்கு வழியாக அமைந்திருக்கின்றன. கெய்மாதாஸ் என்னும் இடத்திலிருந்து கால்தெய்ராவ் வெர்தே அருவிக்குச் செல்லும் பாதையில் நீ நடந்து பார்க்க வேண்டும். ஒருபுறம் பாறைச்சுவர், மறுபுறம் பள்ளத்தாக்கின் ஆழம், காலடியோரம் தெளிந்த நீரின் மெல்லிய ஓட்டம். இடையிடையே கைவிளக்கில்லாமல் கடக்க முடியாத சுரங்கங்கள். முடிவில் சுமார் 100 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பச்சைத் தடாகத்தில் வீழ்கின்ற அருவி. அங்கே உட்கார்ந்து களைப்பாறும்போது, அந்த நீரை வயல்வரை கொண்டு சேர்த்த பெயரறியாத கைகளை ஒரு கணமாவது நினைத்துக்கொள். அந்த நினைவோடு பார்க்கின்ற கண்ணுக்கு அருவியின் அழகு சிறிதும் குறையாது. அதன் பெருமை பன்மடங்கு கூடும்.

பீக்கோ தோ அரியெய்ரோ என்ற சிகரத்திலிருந்து பீக்கோ ருய்வோவுக்கு மலைமுகட்டின் வழியே செல்லும் பாதை, மேகக்கடலுக்கு மேலே நடக்கும் அனுபவத்தைத் தருவது. 2024-ஆம் ஆண்டு கோடையில் அந்த மலைகளில் பெருந்தீ பரவியது. மழையாலும் கல்வீழ்ச்சியாலும்கூடப் பாதைகள் அவ்வப்பொழுது மூடப்படுகின்றன. ஆகவே எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை அந்தந்த நாள் காலையில் விசாரித்துத் தெரிந்துகொண்ட பின்னரே புறப்பட வேண்டும். மூடிய பாதையின் தடுப்பைத் தாண்டிச் செல்வதைச் சிலர் தீரம் என்று எண்ணுகிறார்கள். அதில் தீரம் எதுவும் இல்லை. தங்களைத் தேடி மீட்க வரவேண்டிய பிறருடைய உயிரையும் பணயம் வைக்கின்ற அவிவேகமே இருக்கிறது.

இரண்டாவதாக நான் சொல்லுவது ஸ்ட்ரோம்போலி. சிசிலிக்கு வடக்கே மத்தியதரைக் கடலில் ஏழு தீவுகள் கொண்ட ஒரு கூட்டம் உண்டு. அவற்றுள் வடகிழக்கு மூலையில் கடல்மட்டத்துக்கு மேல் 924 மீட்டர் உயரும் கூம்பாக நிற்கிறது அது. கடலுக்குள் மறைந்திருக்கும் அதன் பாகம் இதைவிடப் பெரியது. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஏறக்குறைய இடைவிடாமல் கனன்றுகொண்டிருக்கும் அந்த மலையை மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்றே பழைய மாலுமிகள் கொண்டாடினார்கள். இருளில் அடிவானத்தில் செந்நிறம் தோன்றி மறைவதைக் கப்பலின் மேல்தளத்தில் நின்று கண்ட எவரும் அதனை மறப்பதில்லை. அடுப்பில் கெட்டியாகக் கொதிக்கும் கஞ்சியில் பெரிய குமிழி எழும்பி வெடிக்கும்போது கஞ்சி தெறிக்கிறதே, அதைப் போலத்தான் அந்த மலையின் செயலும்: பூமியின் உள்ளிருந்து வாயு திரண்டு, எரிமலைக் குழம்பின் ஊடே மேலேறி, வாயருகே வெடிக்கும்பொழுது தீத்துண்டுகளை வானத்தில் வீசுகிறது. சாதாரண நாட்களில் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை நிகழும் இந்த வகை எரிமலைச் செயலுக்கு, உலகில் எங்கே நடந்தாலும், இந்தத் தீவின் பெயரையே விஞ்ஞானிகள் வழங்குகிறார்கள்.

ஆனால் சாதாரண நாட்களின் பழக்கத்தை நம்பி அந்த மலையிடம் உரிமை பாராட்டலாகாது. 2002-ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் சரிவு ஒன்று கடலில் இடிந்து விழுந்து சுனாமியை எழுப்பியது; 2019-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி திடீரென்று நேர்ந்த பெருவெடிப்பில் மலையேறச் சென்ற ஒருவர் உயிரிழந்தார். அதுமுதல் உச்சிக்கு ஏறுவதில் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்து வருகின்றன. மலையின் நிலைமைக்கேற்ப அனுமதிக்கப்படும் உயரம் மாறும். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் உரிமம் பெற்ற வழிகாட்டியின்றிச் செல்லக் கூடாது. உச்சியைத் தொடாமல் திரும்ப நேருமே என்று நீ வருந்த வேண்டாம். பிற்பகல் வெயில் தணிந்தபின் வழிகாட்டியுடன் அனுமதித்த உயரம்வரை ஏறிச் சென்று அஸ்தமனத்துக்குப்பின் தீ எழுவதைக் காண்பதும், மற்றோர் இரவில் படகிலிருந்தபடி, தீத்துண்டுகள் உருண்டு கடலில் வீழ்கின்ற ஷியாரா தெல் ஃபுவோகோ என்ற கருஞ்சரிவை நோக்கியிருப்பதும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் இரண்டு காட்சிகள். இப்படிப்பட்ட மலையின் அடியில், தலைமுறை தலைமுறையாக வெள்ளைச் சுவர் வீடுகளில், கேப்பர் செடியும் திராட்சையும் பயிரிட்டு ஜனங்கள் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். அவர்களோடு அமர்ந்து பேசாமல் திரும்பிவிடாதே. அபாயத்தின் அருகில் அச்சமும் அலட்சியமும் இன்றி வாழ்வது எப்படி என்பதை அவர்களே அறிவார்கள்.

இதே பாடத்தை இன்னும் உக்கிரமாகக் கற்பிப்பது ஐஸ்லாந்தின் தெற்கே உள்ள ஹெய்மாயே தீவு. 1973-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி பின்னிரவில், ஊரின் விளிம்பிலேயே பூமி பிளந்து நெருப்பு எழுந்தது. முதல் நாள் புயலுக்கு அஞ்சி மீன்பிடிப் படகுகள் யாவும் துறைமுகத்தில் தங்கியிருந்த காரணத்தால், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் விடிவதற்குள்ளாகவே பெரும்பாலும் கரைசேர்க்கப்பட்டார்கள். சுமார் 400 வீடுகள் சாம்பலிலும் குழம்பிலும் அழிந்தன. தங்கள் ஜீவனத்துக்கு ஆதாரமான துறைமுகத்தின் வாயையே எரிமலைக் குழம்பு அடைக்க நெருங்கியபோது, அவர்கள் கடல்நீரை இறைத்து அதன்மேல் மாதக்கணக்காகப் பாய்ச்சி, குழம்பைக் குளிரவைத்துத் தடுத்துத் துறைமுகத்தைக் காப்பாற்றினார்கள். பெரும்பாலோர் திரும்பி வந்து ஊரை மறுபடி எழுப்பினார்கள். அன்று பிறந்த எல்ட்ஃபெல் குன்றின்மேல் சிறிது நேரத்தில் ஏறிவிடலாம். அதிலிருந்து தெரியும் சர்ட்சே என்ற சிறு தீவோ 1963-ஆம் ஆண்டு நவம்பரில் கடலுக்குள்ளிருந்து எழுந்தது; வெற்றுப் பாறையில் உயிர்கள் தாமாக எவ்விதம் குடியேறுகின்றன என்பதை அறியும் பொருட்டு, ஆராய்ச்சியாளர் தவிர வேறு எவரும் அங்கே கால்வைக்க அனுமதி இல்லை. கண்ணால் கண்டு, காலால் மிதியாமல் விட்டுவிடுவதும் ஒரு தீவுக்குச் செய்யும் மரியாதையே.

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவை நீ உன் பட்டியலில் முதலாவதாக எழுதியிருக்கிறாய். அதன் கூலின் மலைமுகடு சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ளது. உச்சி ஆயிரம் மீட்டரையும் எட்டாததாயினும், பிரிட்டனிலேயே மிகக் கடினமான மலைப்பாதைகளுள் ஒன்றாக அதனை மதிக்கிறார்கள். அங்குள்ள கேப்ரோ பாறை சொரசொரப்பாகக் காலைப் பற்றிக்கொள்ளும். இடையிடையே ஓடும் பசால்ட் பாறையோ நனைந்தால் வழுக்கிவிடும். மேலும் அந்தப் பாறைகளில் காந்த சக்தி கலந்திருப்பதால் திசைகாட்டி சில இடங்களில் பொய் சொல்லும். மூடுபனியில் திசைகாட்டியையும் நம்ப முடியாத ஒரு மலையைப் பழக்கமில்லாத மூவர் தனியே ஏறுவது தகாது. ஸ்டோர் குன்றடியிலும் குவிராங் சரிவிலும் நடந்து திருப்தி அடையலாம். அந்தத் தீவின் ஆளரவமற்ற பள்ளத்தாக்குகளைக் கண்டு இது இயற்கையின் ஏகாந்தம் என்று மயங்கிவிடாதே. 19-ஆம் நூற்றாண்டில் நிலச்சுவான்தார்கள் ஆட்டு மந்தைகளுக்கு இடம் செய்வதற்காகக் குடியானவர்களை அங்கிருந்து விரட்டினார்கள். கூரையிழந்த கற்சுவர்கள் பலவற்றுக்கு அதுவே காரணம். 1882-இல் பிரேய்ஸ் என்ற இடத்தில் குடியானவர்கள் எதிர்த்து நின்றதன் பலனாக எழுந்த கிளர்ச்சியின் முடிவில், 1886-இல்தான் குடியானவரின் நில உரிமையைக் காக்கும் சட்டம் வந்தது.

கோர்சிகாவின் ஜிஆர்20 என்ற 180 கிலோமீட்டர் மலைப்பாதையை இந்த வருஷம் தொடவேண்டாம். இரண்டு வாரமும் அதற்கே வேண்டும். முதுகில் பாரம் சுமந்து தினந்தோறும் ஏறி இறங்கும் தேகப்பயிற்சியும் வேண்டும். ஒரு வருஷம் அருகிலுள்ள மலைகளில் நடந்து பழகிய பின் அதற்கென்றே தனியாகப் போ.

இனி உன் திட்டத்துக்கு வருகிறேன். மடெய்ராவுக்கு ஏழு நாள், ஸ்ட்ரோம்போலிக்கு ஐந்து நாள், வழிப் பிரயாணத்துக்கும் எதிர்பாராத தாமதத்துக்கும் மூன்று நாள் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு தீவிலும் ஒரு நாளை எந்த ஏற்பாடும் இன்றி வானிலைக்கென்று விட்டுவை. நன்றாகப் பழகிய பாதரட்சை, மழையங்கி, கம்பளிச் சட்டை, கைவிளக்கு இந்நான்கும் கோடையானாலும் உடனிருக்க வேண்டும். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டே புறப்படு. மூவரில் ஒருவர் களைத்தாலும் மூவரும் திரும்புவது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மலைமேல் நின்று அதை விவாதிக்கலாகாது. படம் எடுப்பதற்காகப் பாறை விளிம்பில் பின்னோக்கி அடிவைக்காதே. திரும்பி வருவதற்கு வேண்டிய துணிவு ஏறிச் செல்வதற்கு வேண்டிய துணிவைவிடப் பெரியது என்பதை அனுபவமுள்ள எந்த மலைவாசியும், எந்த மாலுமியும் மறுக்கமாட்டான்.

விட்டுப்போன நான்கு தீவுகளும் எங்கும் போய்விடமாட்டா. உனக்கும் வயது இருக்கிறது. நிதானமாகப் பார்த்த இரண்டு தீவுகள், அவசரமாகக் கடந்த ஆறு தீவுகளைவிட உன் அறிவையும் மனத்தையும் அதிகமாக வளர்க்கும் என்பதில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. நண்பர்களிடம் இதை வாசித்துக் காட்டி, மூவரும் ஆலோசித்து முடிவு செய்து எனக்கு எழுது. மலையிலிருந்து இறங்கிய அன்றைக்கு அன்றே உன் தாயாருக்குத் தகவல் சொல்லிவிடு. நீ சுகமாக இறங்கினாய் என்று கேட்கும்வரை அவளுக்கு உறக்கம் வராது.

சர்வ மங்களமும் உண்டாகுக.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தை நாடும் மாமன்